வீட்டைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் ‘கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் சமூக வாழ்வும் மாணவர் நலனும்’ என்று போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. மதிய உணவிலிருந்து மனநல ஆலோசனை வரைக்கும் எதையும் இதற்குள் அடைக்கலாம். நான் அடைக்கப் போவதில்லை. இந்த இராமநாதபுரம் கரையில் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளின் வீட்டு நிலவரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அதைப் பிள்ளையின் வாயைக் கிளறித் தெரிந்துகொள்ளக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்.

நம் ஊர்களில் ‘ஆர்.சி. பள்ளிக்கூடம்’ என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். வடக்கே தொண்டிப் பக்கத்திலிருந்து தெற்கே மூக்கையூர், ரோச்மா நகர் வரைக்கும், இராமேஸ்வரம் தீவுக்குள்ளே பாம்பன், தங்கச்சிமடம், வேர்க்கோடு என்று கோயில் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் கோயில் சுவரை ஒட்டியோ கூப்பிடு தூரத்திலோ ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து 1987-இல் சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தபோது இந்தப் பள்ளிகளும் அதோடு வந்தன. ஆசிரியர் சம்பளம் அரசு மானியம். சுவர், சுண்ணாம்பு, கழிப்பறை, துடைப்பம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. தாளாளர் பெரும்பாலும் பங்குத்தந்தையேதான். அதாவது ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைக்கிறவரும், திருவிழாக் கணக்கைப் பார்க்கிறவரும், ஊர்ச் சண்டையைத் தீர்க்க உட்காருகிறவரும், மூன்றாம் வகுப்பு டீச்சரின் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆள். நகரத்துப் பள்ளிக்கு இந்த நெருக்கம் கிடையாது. நம் பள்ளிகளின் பலம் இதில்தான் இருக்கிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். இந்தக் கரையில் வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கடல் தெரியும். இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் போகும். மீன்துறை டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே செவ்வாய், வியாழன் காலை முதல் மணியில் வகுப்பைப் பாருங்கள். கொட்டாவி விடுகிற பையன், தலை வாராமல் வந்த பெண்பிள்ளை, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கிற அக்கா. அம்மா விடியுமுன்னே ஜெட்டிக்குப் போயிருப்பாள். இறால் தரம் பிரிக்க வேண்டும், நண்டு பார்க்க வேண்டும், கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தை அள்ள வேண்டும். அந்தப் பிள்ளை சோம்பேறியும் இல்லை, அந்த வீடு பொறுப்பில்லாத வீடும் இல்லை. அது வியாழக்கிழமை, அவ்வளவுதான்.

தென்கடல் பக்கம் கணக்கு வேறு. பாம்பன் சின்னப்பாலத்தில் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டமும் நீர் வற்றுவதும் தோதாக இருக்கும் நாட்கள்தான் அவர்களுக்கு வேலை நாட்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆன பிறகு, பாட்டி காலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த இடத்துக்கு அம்மா போனால் வனத்துறை பிடிக்கும். இப்போது யோசியுங்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்த டீச்சர் வாஞ்சையோடுதான் கேட்கிறாள்: “உங்கம்மா எங்கடா? ஏன் கையெழுத்து வாங்கிட்டு வரல?” டீச்சருக்கு அது சாதாரணக் கேள்வி. பிள்ளைக்கு அது வனத்துறை கேட்கிற கேள்வி. உண்மையைச் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகும். பொய் சொன்னால் டீச்சரிடம் பொய் சொன்னதாகும். ஏழு வயதில் அதைத் தீர்த்துவைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ‘திமிர்’ என்று பெயர் வரும்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கிறது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கன்னியாகுமரியிலிருந்து இந்த இராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் நீண்ட கரை அது. அவர் நம்பியது பிள்ளைகளைத்தான். மணியடித்துக் கூட்டினார், தமிழில் மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார், நோயாளிகள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், தான் போக முடியாத இடத்துக்கு ஜெபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். இந்தக் கரையில் பள்ளிக்கூடத்தின் வித்து அதுதான் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சரிதான். ஆனால் 1544 ஜனவரியில் ஐரோப்பாவிலிருந்த தன் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தங்கள் வீடுகளில் பழைய தெய்வங்களுக்குச் சடங்கு நடந்தால் பிள்ளைகளே ஓடிவந்து தன்னிடம் சொல்லிவிடுவதாகவும், தாய் தகப்பனையே கண்டிப்பதாகவும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சொல்லக் கேட்டதும் பிள்ளைக் கூட்டத்தையே திரட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் விக்கிரகங்களை உடைத்ததையும் எழுதுகிறார்.

அருட்தந்தையர் என்னை மன்னிக்க வேண்டும். நானும் சவேரியாருக்கு நேர்ச்சை செய்கிற குடும்பத்தில் பிறந்தவன்தான். பதினாறாம் நூற்றாண்டு ஆளை இன்றைய தராசில் நிறுத்துவது சரியில்லை என்பதும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: பிள்ளையைக் கொண்டு வீட்டை வேவு பார்க்கும் வழக்கம் அங்கே தொடங்கியது. மதம் போய், நோக்கம் போய், இன்று நல்லெண்ணமாகவே மாறிவிட்டாலும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

இதே கரையில் வேறொரு முன்மாதிரியும் இருக்கிறது. அதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மண்டபம் பக்கத்தில் வேதாளை. இன்று தர்காவும் தென்னந்தோப்புமாக இருக்கும் ஊர். அங்கே 1549-இல் அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர்தான். விஜயநகரப் படை வந்தபோது, போர்த்துகீசியர் கோட்டையை நம்பியிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் கடற்கரையில் சிக்கிக்கொண்டன. அவர் தப்பித்திருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றி அனுப்புவதிலேயே நின்றுவிட்டார். அன்று அந்தக் கரையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எந்தப் பிள்ளையையும் நிறுத்தி விசாரித்திருக்க முடியாது. தோணியில் ஏற்ற வேண்டும், ஏற்றினார். நம் பள்ளிகளுக்குச் சவேரியார் பெயர் ஏராளம். கிரிமினாலி பெயரில் ஒரு பால்வாடியாவது இருக்கலாம் என்று எனக்கு ஆசை.

வகுப்பறைக்கு வருவோம். நலத்திட்டப் பட்டியல் எடுக்கிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். “எஸ்.சி. பிள்ளைங்க எழுந்திரு. எண்ணிக்கோ. உட்காரு. எம்.பி.சி. எழுந்திரு.” ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்கெடுத்தோம். மண்டபம் முகாமிலிருந்து பிள்ளைகள் வந்து படித்த பள்ளிகளில் இன்னொரு வரியும் சேர்ந்தது: “கேம்ப் பிள்ளைங்க எழுந்திரு.” 1983-க்குப் பிறகு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தோணியேறி வந்த குடும்பங்கள். எத்தனையோ வீட்டில் அப்பா எங்கே என்பதற்குப் பதிலே கிடையாது. எழுந்து நின்ற பிள்ளைக்கு அன்று மதியம் முதல் ‘அகதி’ என்பது பட்டப்பெயர். கணக்கெடுத்த ஆசிரியரிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. உதவித்தொகை வாங்கித் தருவதற்காகத்தான் எழுப்பினார். இப்போது ‘எமிஸ்’ வந்துவிட்டது. சாதி, அப்பா தொழில், வங்கிக் கணக்கு எல்லாம் ஆசிரியரின் போனிலேயே இருக்கிறது. அப்படியும் எழுப்பி எண்ணுகிற ஆசிரியரைப் பார்க்கிறேன். போனில் தேடுவதைவிட அது சுலபம், வேறு காரணம் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. இந்தத் தீவில் பிள்ளைகளின் மனநலம் என்று பேசுகிறவர்கள் தேர்வு பயம், செல்போன் என்று ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை போய்விடும். இங்கே பிள்ளையின் பயத்துக்கு இலங்கை நேவி என்று பெயர். 2011 நவம்பரில் தங்கச்சிமடத்தைச் சேர்ந்த ஐந்து மீனவர்கள் பிடிபட்டார்கள். போதைப்பொருள் வழக்கு. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு நீதிமன்றம் அவர்களுக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. தீவு கொந்தளித்தது. நவம்பர் 19 அன்று அந்நாட்டு ஜனாதிபதி மன்னிப்பு வழங்க, ஐந்து பேரும் ஊர் திரும்பினார்கள். செய்தியாக அது முடிந்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய மூன்று வருஷம் அது. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போகிற காலம். பிறகு 2017 மார்ச் 6. தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். வயது இருபதைத் தாண்டியவர், அவ்வளவுதான். உடலை வாங்க மறுத்து நாட்கணக்கில் போராட்டம். போராட்டப் பந்தலில் அம்மாக்கள், அம்மாக்கள் மடியில் நம் பள்ளிப் பிள்ளைகள், பிள்ளைகள் முகத்துக்கு நேரே தொலைக்காட்சி மைக்.

அந்த மைக்கைக் குறை சொல்வது எளிது. மறுவாரம் பள்ளி திறந்ததும் நாம் கேட்டதும் அதே கேள்வியைத்தானே: “அப்பாகிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சா?” நாற்பது பிள்ளைகள் முன்னால். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பிள்ளை சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைத் தப்பாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிள்ளைகள் கேட்காமலே சொல்வார்கள். அதற்கு அவர்களுக்குச் சொந்த வழிகள் இருக்கின்றன. இடைவேளையில் ‘நேவி விளையாட்டு’ நடக்கும். திண்ணை படகு, வேப்பமரம் கச்சத்தீவு, யாராவது ரெண்டு பேர் நேவி. யாரும் நேவியாக இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள், சீட்டுக் குலுக்கித்தான் ஆக வேண்டும். ஓவிய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு என்று வரைவார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் மலையைக் கண்டவன் யார்? பாடப்புத்தக மலை அது. ஒருமுறை மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் மலை போடாமல் படகு போட்டான். பக்கவாட்டில் ஐ.என்.டி. டி.என். 10 எம்.எம். என்று தொடங்கிப் பதிவெண்ணை முழுசாக எழுதியிருந்தான். ஆங்கில எழுத்து சரியாக வராத பையன். அந்தப் படகு அப்போது பிடிபட்டு, இலங்கையின் காங்கேசன்துறையில் நின்றுகொண்டிருந்தது. வகுப்பாசிரியை “நல்லா இருக்குடா” என்று சொல்லி மற்றப் படங்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டினார். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனநலப் பயிற்சி எதற்கும் போனவரில்லை. ஆனால் சாயங்காலம் தலைமையாசிரியரிடம் வந்து, “சார், அந்த வீட்டுல அன்பியத்துக்காரங்க யாராச்சும் போய்ப் பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

இப்போது படகு பிடிபட்டால் கதை இன்னும் நீளமாகிவிட்டது. 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கியது. அபராதம் கோடிகளில் போகிறது. இரண்டாம் முறை சிக்கினால் சிறை. படகு திரும்புவதில்லை. கடன் மட்டும் கரையில் இருக்கிறது. நடு ஆண்டில் மெட்ரிக் பள்ளி டை கட்டிய பையன் ஆர்.சி. பள்ளிக்கு டி.சி. வாங்கிக்கொண்டு வந்தால் காரணம் கேட்காதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் விசைப்படகு மடி இழுத்துப் போன கடலில்தான் எதிர்க்கரைப் பேசாலையிலும் தலைமன்னாரிலும் ஒரு நாட்டுப்படகுக்காரரின் வலை அறுந்து கிடக்கிறது. அந்த வீட்டிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. அதுவும் அந்தோனியாருக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறது. கச்சத்தீவுத் திருவிழாவில் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு கரையும் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறது. மிச்ச நாளில் இரண்டு பக்கமும் நேவி விளையாட்டுதான்.

அப்படியானால் பள்ளி வீட்டை எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர்கள் வழியாக. இதில் ஆர்.சி. பள்ளிகளுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. தெருவுக்குத் தெரு அன்பியம் என்ற சிறு ஜெபக்குழு இருக்கிறது; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் தெரிந்துவிடும். சிஸ்டர்கள் வீடு சந்திக்கப் போகிறார்கள். இவர்களையெல்லாம்விட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. சத்துணவு ஆயா. அவர் அதே தெருக்காரர். அதே ஜெட்டியில் வேலை செய்துவிட்டு வந்தவர். அரிசி களைந்துகொண்டே, “சார், நாலாப்பு அந்தப் பொண்ணு வீட்டுல நேத்து ராத்திரி பெரிய ரகளை, பாத்துக்கோங்க” என்று ஒரு வரி சொல்வார். நல்ல தலைமையாசிரியர் அதைக் குறிப்பேட்டில் எழுத மாட்டார், வகுப்பில் கேட்க மாட்டார். அன்று வீட்டுப்பாடம் எழுதாததற்கு அந்தப் பெண்ணை நிற்கவைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் கண்ணைக் காட்டுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்கிறது. முதல் ஆசிரியரைப் பற்றித் துணையாசிரியர் விசாரிக்க வேண்டுமானால், அவரிடமே விசாரிப்பதுதானே மரியாதை?

சோறு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்காமல் நலம் செய்வது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1956-இல் காமராஜர் போட்ட மதிய உணவும், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. தட்டை நீட்டினால் சோறு; ஏன் பசிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது; அப்போதும் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். ஒரே தெருவில், ஒரே படகில் போகிற இரண்டு பேரின் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காலையில் பொங்கல் சாம்பார், அடுத்தவன் ஆர்.சி. பள்ளியில் படிக்கிறான் என்பதால் வெறும் வயிறு. ஊரகத்தில் உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்தது 2024 ஜூலை 15 அன்று. தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளி. நகர்ப்புறத்துக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26. மயிலாப்பூரில் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைத்தார்கள். இரண்டுமே நம் பள்ளிகள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கட்டும். ஆனால் நம் தீவில் அந்த அறிவிப்பு எப்படி இறங்குகிறது பாருங்கள். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி; இராமேஸ்வரம் நகராட்சி. ஆகவே தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு வந்த உப்புமா இராமேஸ்வரம் வேர்க்கோட்டுக்கு வர, கணக்குப்படி, இன்னும் ஓராண்டு ஆகியிருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலையில் அம்மா ஜெட்டிக்குப் போவது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். கோப்பில்தான் வேறு வேறு ஊர்.

நெருக்கத்தின் ஆபத்து என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு வருமுன் ஒரு கதை. இராமேஸ்வரத்தில் நின்று பள்ளிக்கூடம் பற்றிப் பேசினால் அப்துல் கலாம் வராமல் இருக்க மாட்டார். ஐந்தாம் வகுப்பில் முன்வரிசையில் அர்ச்சகர் மகன் இராமநாத சாஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரை, புதிதாக வந்த ஆசிரியர் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். பையன்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அந்த அர்ச்சகர், பட்சி லட்சுமண சாஸ்திரிகள், ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்; ஆசிரியர் திருந்தினார். கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், அந்தச் சாஸ்திரிகள், தீவில் தேவாலயம் கட்டிய ஃபாதர் போடல் மூவரும் கூடிப் பேசும் நண்பர்கள் என்றும் கலாம் எழுதியிருக்கிறார். இந்தக் கதையை மத நல்லிணக்கத்துக்குச் சொல்கிறோம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. அங்கே பள்ளி தப்புச் செய்தது, ஊர் திருத்தியது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் தலைகீழ். ஊர் தப்புச் செய்யும். பள்ளிதான் திருத்த வேண்டியிருக்கும்.

கோயில் வரி கட்டாத வீடு. கமிட்டித் தேர்தலில் எதிர்க்கட்சியில் நின்ற வீடு. சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் ஊர் பேசாமல் ஒதுக்கிய வீடு. பெரியவர்கள் சண்டை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடக்கும். திங்கட்கிழமை காலை அது இரண்டாம் வகுப்புக்கு வந்துவிடும். “இவன்கூடச் சேரக்கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லிருச்சு.” திருவிழாச் சப்பரத்தின் முன்னால் பூத்தூவும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் சத்தமில்லாமல் உதிரும். பட்டியல் எழுதுகிறவர் பள்ளி ஆசிரியை. உதிர்க்கச் சொன்னவர் ஊர்ப்பெரியவர். பக்கத்தில் நிற்கிறவர் தாளாளரான பங்குத்தந்தை. அந்த இடத்தில் அவர் தாளாளராகப் பேச வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. பங்குத்தந்தையாகப் பேசினால் சமாதானம் செய்வார். சமாதானத்தில் பெரும்பாலும் பிள்ளையின் பெயர்தான் விட்டுப்போகும்.

கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மறைக்கல்வி மணி அடித்ததும் அவர்கள் எழுந்து நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். சட்டம் தெளிவு, அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு, உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனைக்கு உட்காரவைக்கக் கூடாது என்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் மறைக்கல்விக்குச் சிஸ்டர், படம், பாட்டு, பரிசு எல்லாம் உண்டு. நன்னெறிக்கு யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர், பல நாள் யாருமே இல்லை. மரத்தடியில் உட்காரவைத்து ‘சத்தம் போடாதே’ என்பதுதான் நன்னெறி. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவில் மூன்று மதத்தாரும் சேர்ந்து நிற்பதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அந்த நாற்பது நிமிஷத்தையும் பார்க்க வேண்டாமா?

நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்காதே என்பதைப் பிள்ளை சொல்வதைக் கேட்காதே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பிள்ளை தன் உடம்புக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், அது வீடானாலும், பள்ளியானாலும், கோயில் வளாகமானாலும், அன்றே காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ போக வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் தீங்கு என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் விதித்த ஒழுங்கும் குருக்கள், துறவியர் யாராக இருந்தாலும் தங்கள் காதுக்கு வந்ததைத் திருச்சபை அதிகாரத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. ‘ஊர் மானம்’, ‘பங்கு மானம்’ என்ற பேச்சு அந்த இடத்தில் எழக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நம் பள்ளிச் சுவர்களில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அலுவலக அறைக்குள்ளே எழுதாமல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய்க்கு மேலே எழுதுங்கள்.

கடைசியாக, பேச்சோடு போகாமல் இருக்க, தாளாளர்கள் இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கோரிக்கை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறப்பது ஜூன் முதல் அல்லது இரண்டாம் வாரம். விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் இரண்டு மாதம் வருமானம் இல்லாமல், கையில் இருந்ததெல்லாம் கரைந்து, கந்துவட்டிக்காரரும் முகம் திருப்புகிற நேரம் அது. தடைக்கால நிவாரணத்தை எட்டாயிரமாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்து மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். எட்டாயிரத்தை இரண்டு மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள். புத்தகமும் சீருடையும் அரசு தருகிறது. ஆனால் அடையாள அட்டைக்கு, டைரிக்கு, பெல்ட்டுக்கு, ஆண்டுவிழா நிதிக்கு என்று நாம் கேட்கும் இருநூறு முந்நூறு, திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளையின் கையில் சீட்டாகப் போகிறது. மறுநாள், “யார் யார் இன்னும் கொண்டு வரல, எழுந்திரு.” இதற்குச் சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. எந்தப் பணமாக இருந்தாலும் ஜூலை முதல் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். படகு இரண்டு வாரமாவது போய்வந்திருக்கும். சீட்டைப் பிள்ளையிடம் கொடுக்காமல் பெற்றோர் கூட்டத்தில் கொடுங்கள். அந்தக் கூட்டத்தையும் வெள்ளிக்கிழமை வையுங்கள், வியாழக்கிழமை வேண்டாம். இது முடியாது என்று நினைக்கிற தாளாளர் யாராவது இருந்தால், தேநீருக்கு முன்னால் எழுந்து காரணத்தைச் சொல்லலாம். கேட்கத் தயாராக இருக்கிறேன்.